யூக்கா பூக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

வாள் மாதிரி விறைத்த இலையுள்ள அலங்காரச் செடியான யூக்கா பூக்காவிட்டால் நாம் முதலில் தேடுவது ஒரு உரத்தைத்தான். எலும்புத்தூள் போடலாமா, வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர் ஊற்றலாமா, பஞ்சகவ்யா தெளிக்கலாமா என்று கேட்போம். மல்லிக்கும் ரோஜாவுக்கும் அந்தக் கேள்வி சரி. யூக்காவுக்குக் கேட்க வேண்டியது, எதை நிறுத்தலாம் என்பதுதான். தண்ணீர், தழைச்சத்து, நிழல், கத்தரிக்கோல் ஆகிய இந்த நான்கில் ஒன்று அளவுக்கு மீறினாலே பெரும்பாலும் பூ நின்றுபோகிறது.

இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் காரணம் தானாகப் புரியும். வீட்டுத் தோட்டங்களில் வளரும் யூக்கா குளோரியோசா, யூக்கா அலோயிஃபோலியா இரண்டும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளைச் சேர்ந்தவை. அங்கே நல்ல மழை உண்டு, ஆனால் ஒரு சொட்டும் தேங்காது. சத்து குறைந்த மணல், உப்புக் காற்று, நாள் முழுக்க மறைப்பில்லாத வெயில். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடலோரத்தில் வீடு இருப்பவர்கள் எந்தச் செடியும் வரவில்லை என்று வருந்துவார்களே, அவர்களுக்கு வாய்த்த செடி இது. உள்நாட்டில் இருப்பவர்கள் அந்த மணல்மேட்டை ஓரளவுக்காவது செயற்கையாக உண்டாக்கித் தர வேண்டும்.

கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் போகலாம். உங்கள் செடிக்குப் பொருந்துவதைப் பாருங்கள். இரண்டு பொருந்தினால் வேர் சம்பந்தப்பட்டதை முதலில் சரிசெய்யுங்கள், மற்றது காத்திருக்கும்.

பல வருடமாகிறது, செடி ஆரோக்கியம், ஆனால் பூவின் சுவடே இல்லை

இதில் முதல் சோதனை, அது யூக்காதானா என்பது. நர்சரிகளில் நீளமான கூர் இலை உள்ள எல்லாவற்றையும் யூக்கா என்று சொல்லி விற்பது உண்டு. டிரசீனா, கார்டிலைன், ஃபர்க்ரேயா, சில சமயம் கற்றாழை வகைகள்கூட அந்தப் பெயரில் வீட்டுக்கு வந்துவிடும்.

இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சதைப்பற்றாகத் தடித்து, ஓரத்தில் வளைந்த முட்கள் இருந்தால் அது ரயில் கற்றாழை இனம். அது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்துவிட்டு மடியும். யூக்கா அப்படி இல்லை. யூக்காவின் இலை விறைப்பாக, வாள் மாதிரி, ஒப்பிட்டால் மெல்லியதாக இருக்கும். இலை மெத்தென்று வளைந்து, நடுநரம்பு தெளிவாகத் தெரிந்து, சிவப்போ ஊதாவோ கலந்திருந்தால் பெரும்பாலும் கார்டிலைன் அல்லது டிரசீனா.

யூக்காதான் என்று உறுதியானால் எந்த யூக்கா என்று பாருங்கள். இலை ஓரத்தில் வெள்ளை நூல்கள் சுருண்டு பிரிந்து தொங்கினால் ஃபிலமென்டோசா. தண்டு இல்லாமல் தரையோடு கொத்தாக வளரும் வகை இது, பூக்க வைக்க எளிதானதும் இதுதான். நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலை மெதுவாக ஓட்டும்போது ஓரம் நுண்ணிய ரம்பமாக உரசினால், நுனியில் பழுப்பு நிற முள் கெட்டியாகக் குத்தினால், அது அலோயிஃபோலியா. ஓரம் வழவழப்பாக, இலையில் லேசான சாம்பல் பூச்சோடு நுனி கூர்மையாக இருந்தால் குளோரியோசா. நுனி மிருதுவாக, குத்தாமல் இருந்தால் ஜிகாண்டியா. அலுவலக வரவேற்பறைகளில், அறுத்த கட்டையின் தலையில் இரண்டு மூன்று இலைக்கொத்தோடு நிற்பது இந்தக் கடைசி வகைதான்.

அந்தக் கட்டை விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். கடையில் நிற்கும் ஜிகாண்டியா பார்வைக்கு வயதான மரம் மாதிரி இருக்கும். கட்டை முற்றியிருக்கும், அடி பருத்திருக்கும். மேலே உற்றுப் பாருங்கள்: கட்டையின் தலை ரம்பத்தால் அறுக்கப்பட்டு, மெழுகு பூசி மூடியிருப்பார்கள். உயரமான தண்டைத் துண்டு துண்டாக அறுத்து வேர்விட வைத்ததுதான் அது. கட்டைக்கு வயதிருக்கலாம், பக்கவாட்டில் முளைத்த இலைக்கொத்துக்கு வயது மிகக் குறைவு. பூ வர வேண்டியது அந்த இலைக்கொத்தின் நுனியிலிருந்து. அதனால் அதை இளம் செடியாகவே கணக்கில் வையுங்கள். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இது வீட்டு உயரத்தைத் தாண்டும் மரம். எல் சால்வடோரின் தேசிய மலரே இதன் பூதான், அங்கே இதழ்களை முட்டையோடு சேர்த்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குள் தொட்டியில் இருக்கும் ஜிகாண்டியா பூப்பது மிக அபூர்வம். பூதான் வேண்டுமென்றால் தரையில், திறந்த வெளியில், மரமாக வளர விட வேண்டும். இடம் இல்லையென்றால் அதை இலை அழகுக்கு வைத்துக்கொண்டு, பூவுக்கு வேறு வகை நடுங்கள்.

மற்ற வகைகளுக்கும் வயது ஒரு காரணம்தான். தாய்ச்செடியிலிருந்து பிரித்து நட்ட ஃபிலமென்டோசாவின் பக்கக் கன்று பொதுவாக மூன்று நான்கு வருடத்தில் பூக்கும் பருவத்துக்கு வரும். தண்டு வளரும் வகைகள் இன்னும் நேரம் எடுக்கும், விதையிலிருந்து வளர்த்தால் அதற்கும் மேல். ஆகவே இரண்டு வருடக் கன்றுக்கு மருத்துவம் தேட வேண்டாம்.

இலைகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன, கொத்து நெருக்கமாக இல்லை

வெயில் போதவில்லை. இதில் சந்தேகமே வேண்டாம்.

யூக்காவுக்கு நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். வெளிச்சமான இடம் என்பது வேறு, நேரடி வெயில் என்பது வேறு. செடி நிற்கும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெளிவாக விழுந்தால் அது வெயில். மங்கலான கறையாக விழுந்தால் அது வெறும் வெளிச்சம். காலை எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று ஒரு விடுமுறை நாளில் ஐந்து முறை பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் பகுதியில் ஆனி மாதத்தையொட்டிச் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்து போகும், மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூனில் வெயில் விழுவதைப் பார்த்து யூக்காவை வைத்தால், ஐப்பசிக்குப் பிறகு அங்கே வெயிலே இருக்காது. இடத்தைத் தேர்வு செய்யும்போது டிசம்பர் வெயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மொட்டை மாடி, தெற்கு அல்லது மேற்குச் சுவர் ஓரம், வாசல் திறந்தவெளி ஆகியவை நல்ல இடங்கள். பக்கத்தில் வேம்போ மாமரமோ கிளை பரப்பியிருந்தால் அந்தக் கிளையைக் கவாத்து செய்வதும் ஒரு வழி.

நிழலில் இருந்த தொட்டியைத் தூக்கிச் சட்டென்று சித்திரை வெயிலில் வைத்துவிடாதீர்கள். நிழலில் வளர்ந்த இலை வெளிறிப்போய்ப் பழுப்புத் திட்டுகள் விழும், அந்தத் திட்டு பிறகு மாறவே மாறாது. முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் மதியம் வரை, அதற்கடுத்த வாரம் முழு வெயில் என்று பழக்குங்கள். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் இதை ஆரம்பித்தால் செடிக்கு வலிக்காது.

சாய்ந்த செடியை நிமிர்த்தக் குச்சி கட்ட வேண்டியதில்லை. வெயில் கிடைத்தபின் குருத்து நேராக எழும்.

இலை கரும்பச்சை, தழைதழையென்று வளர்ச்சி, பக்கத்துச் செடிகளெல்லாம் பொறாமைப்படும் செழிப்பு

பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். தழைச்சத்து மிகுந்துவிட்டதன் அடையாளம் இது. செடி இலை போடுவதிலேயே மும்முரமாக இருக்கிறது, இலையும் வழக்கமான விறைப்பு இல்லாமல் நுனி தொங்கும்.

யூரியா போட்டிருந்தால் காரணம் வெளிப்படை. ஆனால் பலர் யூரியாவைத் தொடவே மாட்டார்கள். ஜீவாமிர்தம், மாட்டுச் சாணக் கரைசல், மீன் அமிலம் எல்லாவற்றையும் வாரம் ஒரு தடவை எல்லாச் செடிக்கும் வரிசையாக ஊற்றிக்கொண்டே போவார்கள், யூக்காவும் அந்த வரிசையில் நிற்கும். இயற்கை உரம் என்றாலும் தழைச்சத்து தழைச்சத்துதான். இன்னொரு மறைமுக வழி புல்வெளி. புல்லுக்குப் போடும் உரத்தைப் பக்கத்தில் இருக்கும் யூக்காவின் வேரும் எடுத்துக்கொள்ளும்.

தீர்வு, ஒரு முழு வருடம் எதுவும் போடாமல் விடுவது. மனசு கேட்காது, ஆனாலும் விடுங்கள். தரையில் இருக்கும் செடிக்கு அதற்குப் பிறகும் வருடத்துக்கு ஒரு தடவை, கோடை தொடங்குமுன், இரண்டு கை மக்கிய தொழு உரம் அடியைச் சுற்றிப் போட்டால் தாராளம். தொட்டியில் இருப்பதற்கு மண்புழு உரம் ஒரு கை, வருடத்துக்கு இரண்டு தடவை.

எலும்புத்தூள் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். அதில் இருக்கும் மணிச்சத்து புளிப்புத்தன்மை உள்ள மண்ணில்தான் கரைந்து செடிக்குக் கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து மண்ணில் அதற்கு அர்த்தம் உண்டு. கரிசல் மண்ணும் சுண்ணாம்பு கலந்த மண்ணும் உள்ள சமவெளியில் அது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அந்தப் பணத்துக்கு ஒரு மூட்டை மணல் வாங்கிப் போடுங்கள், அதிகப் பலன் கிடைக்கும்.

அடி இலைகள் மஞ்சளாகி வதங்குகின்றன, தண்டு அடியில் மென்மையாக இருக்கிறது

அடி இலை ஒன்றிரண்டு காய்வது இயல்பு. எல்லா யூக்காவிலும் பழைய இலை உலர்ந்து கீழே தொங்கும். கவலைப்பட வேண்டியது, ஒரே சமயத்தில் பல இலைகள் மஞ்சளாகும்போதும், நடுக் குருத்து வாடும்போதும்தான். குருத்து இலையைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். நல்ல செடியில் அது அசையாது. கையோடு வந்துவிட்டு, அடியில் பழுப்பு நிறமாகக் கொழகொழத்துப் புளித்த வாடை அடித்தால் குருத்து அழுகல். தண்டின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளே அமுங்கினால் வேர் அழுகல் மேலே ஏறிவிட்டது.

வடகிழக்குப் பருவமழை முடிந்து கார்த்திகை, மார்கழியில் இந்தப் புகார் குவியும். மழை மட்டும் காரணம் இல்லை, மழைத் தண்ணீர் நின்றதுதான் காரணம். தொட்டிச் செடியில் இன்னொரு காரணமும் சேரும்: நர்சரியிலிருந்து வரும்போது வேரைச் சுற்றித் தென்னை நார்க்கழிவுக் கட்டி இருக்கும். அதை உதறாமல் அப்படியே பெரிய தொட்டியில் இறக்கிச் சுற்றிலும் மண் போடுவார்கள். மேல்மண் காய்ந்திருக்கும், உள்ளே அந்தக் கட்டி ஊறிய பஞ்சாகவே இருக்கும். மேலே காய்ந்திருப்பதைப் பார்த்து நாமும் தண்ணீர் ஊற்றுவோம். ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைத் தண்டின் அருகே ஒரு சாண் ஆழம் இறக்கி, சற்று நேரம் விட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். குச்சியில் ஈர மண் ஒட்டியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

அழுகல் ஆரம்பித்துவிட்டால் செய்ய வேண்டியது இது. செடியைத் தோண்டி எடுத்து, நார்க்கழிவை முழுக்க உதறி, கறுத்துக் கொழகொழத்த வேர்களையெல்லாம் கூர்மையான கத்தியால் வெட்டித் தள்ளுங்கள். வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரியும்வரை வெட்ட வேண்டும். பழுப்புக் கோடு ஒன்று மிச்சம் இருந்தாலும் அழுகல் தொடரும். நிழலில், காற்றோட்டத்தில் சில நாள் வெட்டுவாய் உலர விட்டுப் புது மண்ணில் நடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து ஒரு தடவை அடியில் ஊற்றலாம். அதற்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் வேண்டாம். தண்டு உள்ள வகையில் அடி முழுக்கப் போய்விட்டாலும் தலையைக் காப்பாற்றலாம்: ஆரோக்கியமான பகுதியில் தலையை அறுத்து, ஒரு வாரம் உலர்த்தி, மணலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். ஆனால் பூவுக்கான கணக்கு அங்கிருந்து மறுபடி தொடங்கும்.

மண் கலவைக்கு என் சிபாரிசு: செம்மண் ஒரு பங்கு, பருமனான ஆற்று மணல் அல்லது சின்ன ஜல்லி ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. நார்க்கழிவு வேண்டவே வேண்டாம். எம்-சாண்ட் போடுவதானால் அதிலுள்ள மாவுத்தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் அது சிமென்ட் மாதிரி இறுகிவிடும். தொட்டி 18 அங்குலத்துக்குக் குறையாமல், அடியில் துளைகளோடு, முடிந்தால் மண்தொட்டி. பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் உள்ளே சூடாவதோடு ஈரத்தையும் வெளியே விடாது. தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள்.

தரையில் நடுபவர்கள் நடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு அடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்புங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் நல்ல இடம். மறுநாள் காலையும் தண்ணீர் நின்றால் அங்கே குழியில் நடக் கூடாது. கரிசல் மண் பகுதியில் இருப்பவர்கள் குழியை மறந்துவிட்டு மேடு கட்டுங்கள். ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண்ணும் மணலும் ஜல்லியும் கொட்டி, சுற்றிலும் கல் அணைத்து, அதன் உச்சியில் நடுங்கள். கரிசலில் குழி வெட்டி உள்ளே மட்டும் மணல் நிரப்பினால் அந்தக் குழி மழைக்காலத்தில் தொட்டியாக மாறித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேர் பிடித்த தரைச்செடிக்கு மழை இல்லாத கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர் விட்டால் போதும். சொட்டுநீர்க் குழாயில் தினமும் சொட்டிக்கொண்டிருக்கும் வரிசையில் யூக்காவைச் சேர்க்காதீர்கள். தண்ணீரை எப்போதும் அடியில் ஊற்றுங்கள், குருத்தின் கிண்ணத்தில் வேண்டாம்.

ஒரு தடவை பூத்தது, அப்புறம் பூக்கவே இல்லை

இந்தப் புகாரில் பாதி, செடியின் இயல்பைத் தெரிந்துகொண்டாலே தீர்ந்துவிடும். யூக்காவில் பூந்தண்டு வருவது இலைக்கொத்தின் நடு நுனியிலிருந்து. அந்த நுனி பூவாக முடிந்துவிட்டால், அதே நுனி மறுபடி இலையும் போடாது, பூவும் போடாது. ஃபிலமென்டோசாவில் பூத்த கொத்து கொஞ்சம் கொஞ்சமாக வாடி, அதன் அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகள் இடத்தைப் பிடிக்கும். அலோயிஃபோலியா, குளோரியோசா, ஜிகாண்டியாவில் பூத்த தலைக்குக் கீழே பக்கக் கிளை வெடிக்கும். அந்தக் கிளை வளர்ந்து முற்றித்தான் அடுத்த பூ.

அதனால் ஒற்றைக் கொத்துச் செடி ஒரு வருடம் பூத்துவிட்டுச் சில வருடம் ஓய்வெடுப்பது நோய் இல்லை. வருடா வருடம் பூ வேண்டுமென்றால் வெவ்வேறு வயதுள்ள நான்கைந்து கொத்துகள் இருக்க வேண்டும், ஒன்று ஓய்வெடுக்கும்போது இன்னொன்று பூக்கும். பக்கக் கன்றுகளை அவசரப்பட்டு எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். பெரிய இரண்டு மூன்றைத் தாயோடு விட்டு வையுங்கள். மறுபக்கம், பத்துப் பன்னிரண்டு கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்தாலும் எதுவும் முற்றாது. மழை ஓய்ந்த பிறகு, கிழங்கு போன்ற தடித்த வேர்த்துண்டு சேர்ந்து வரும்படி கன்றுகளைப் பிரித்து நடுங்கள்.

மீதிப் பாதிக்குக் காரணம் கத்தரிக்கோல். செடி உயரமாகிவிட்டது, கிளை விடட்டும் என்று தலையை வெட்டுகிறார்கள். முற்றி, அடுத்து பூக்கவிருந்த நுனி அதோடு போய்விடும். இன்னொரு பழக்கம், கீழிருந்து பச்சை இலைகளையெல்லாம் நறுக்கி உச்சியில் ஒரு குடுமி மட்டும் விடுவது. பூந்தண்டை எழுப்பும் சத்து முழுக்க அந்தப் பச்சை இலைகளிலும் அடித்தண்டிலும்தான் சேர்கிறது. முழுக்கக் காய்ந்த இலையை மட்டும் எடுங்கள். பாதி பச்சை இருந்தாலும் அது செடியின் சொத்து.

பாதையோரத்தில் குத்துகிறது என்பதற்காக வெட்டுபவர்களும் உண்டு. அலோயிஃபோலியாவின் முள் நிஜமாகவே கண்ணுக்கு ஆபத்து, குழந்தைகள் ஓடும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. வெட்டுவதை விட இடம் மாற்றுவது நல்லது. உடனே முடியாவிட்டால் நுனி முள்ளை மட்டும் நகவெட்டியால் எடுத்துவிடுங்கள், இலை பிழைக்கும்.

பூந்தண்டு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது அல்லது மொட்டு கொட்டுகிறது

முதலில் அந்தத் தண்டு எப்படி வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நடுக்குருத்து சில நாட்கள் வழக்கத்தைவிடத் தடித்துத் தெரியும். அப்புறம் அதன் நடுவிலிருந்து மூங்கில் குருத்து மாதிரி, செதில் மூடிய ஒரு தடித்த முனை எட்டிப் பார்க்கும், சில சமயம் ஊதா கலந்த நிறத்தில். அங்கிருந்து வேகமாக உயரும். செதில்களுக்கு இடையிலிருந்து பக்கக் கிளைகள் பிரிந்து, மணி வடிவப் பூக்கள் தலைகீழாகத் தொங்கத் தொடங்கும். பூக்கள் கீழ்க்கிளைகளில் முதலில் விரிந்து மேலே போகும், மாலையில் நன்றாக மலர்ந்து மணக்கும்.

இந்தச் சில வாரங்கள்தான் யூக்கா தண்ணீர் கேட்கும் ஒரே சமயம். இதுவரை சொன்ன கஞ்சத்தனத்தை இப்போது கொஞ்சம் தளர்த்துங்கள். தொட்டிச் செடி முழுக்கக் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கோடையில் மாடியில் இருந்தால் தண்ணீர் விடும் இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள். தண்டு எட்டிப் பார்த்த பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள். உரம் போடாதீர்கள். காற்று பலமான இடமானால் தண்டு முறியுமுன் ஒரு மூங்கில் கழியைப் பக்கத்தில் ஊன்றித் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள்.

மொட்டு சுருங்கி, தண்டில் எறும்பு வரிசை கட்டிப் போனால் அசுவினியைத் தேடுங்கள். மொட்டுக் காம்புகளின் அடியில் கூட்டமாக அப்பியிருக்கும், அவை விடும் இனிப்பு நீருக்குத்தான் எறும்பு வருகிறது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள். பூ விரிந்துவிட்டால் தெளிக்க வேண்டாம், தேனீக்கள் வரும்.

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இலையிடுக்கின் அடியில் ஒளிந்திருக்கும். இலைகளைப் பிரித்துப் பார்த்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு, அதே வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளியுங்கள். இலையில் பழுப்புப் புள்ளிகள் மட்டும் என்றால், அந்த இலையை வெட்டி எடுத்துவிட்டு, மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் போதும். பூ நின்றுபோக அது காரணம் இல்லை.

பூ முடிந்ததும் தண்டைக் கீழே, இலைக்கொத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடலாம். இலைகளைத் தொடாதீர்கள். இதழ்களைச் சமைக்க விரும்புபவர்கள் மருந்து எதுவும் அடிக்காத செடியிலிருந்து பறித்து, நடுவிலுள்ள சூலகத்தையும் மகரந்தத் தாள்களையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழை மட்டும் எடுங்கள், நடுப்பகுதி கசக்கும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் இலையைக் கடிக்க விடாதீர்கள், அதிலுள்ள சப்போனின் என்ற வேதிப்பொருள் அவற்றின் வயிற்றைக் கெடுக்கும்.

நன்றாகப் பூக்கிறது, காய் மட்டும் இல்லை

இது உங்கள் தவறும் இல்லை, செடியின் குறையும் இல்லை. யூக்காவின் மகரந்தம் தூளாகப் பறக்காது, பிசுபிசுப்பான கட்டியாக இருக்கும். மகரந்தம் போய்ச் சேர வேண்டிய சூல்முடியோ பூவின் நடுவில் ஒரு குழிக்குள் இருக்கிறது. பூவுக்கு வரும் தேனீ அந்தக் குழிக்குள் மகரந்தத்தைத் திணிப்பது அரிது. அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது யூக்கா அந்துப்பூச்சி என்ற சிறிய வெள்ளைப் பூச்சி. பெண் பூச்சியின் வாயருகே இதற்கென்றே உணர்கை போன்ற உறுப்புகள் உண்டு. அவற்றால் மகரந்தத்தைச் சுரண்டி உருட்டி எடுத்துக்கொண்டு வேறு பூவுக்குப் போய், சூலகத்தில் முட்டையிட்டுவிட்டு, சூல்முடிக் குழிக்குள் மகரந்தத்தை அழுத்தி வைக்கும். பொரித்து வரும் புழுக்கள் விதைகளில் ஒரு பகுதியைத் தின்னும், மீதி செடிக்கு. முட்டைகள் அளவுக்கு அதிகமாக இட்ட பூவைச் செடியே உதிர்த்துவிடுவதும் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரத்துத் தாவரவியலாளர் ஜார்ஜ் எங்கல்மான் 1872-இல் இதைக் கவனித்துச் சொல்ல, மிசோரி மாநிலப் பூச்சியியல் அறிஞர் சார்லஸ் ரைலி விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

அந்தப் பூச்சி நம் நாட்டில் இல்லை. ஆனால் அது இல்லாததால் யூக்கா பூக்காது என்று சிலர் சொல்வது தவறு. பூப்பதற்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இல்லை, காய்ப்பதற்குத்தான் சம்பந்தம்.

விதை வேண்டுமானால் கையால் செய்யலாம். மாலையில் பூ விரிந்ததும் ஒரு பல்குச்சியின் நுனியால் மகரந்தத் தாள்களின் தலையிலிருந்து மஞ்சள் கட்டியை எடுங்கள். இன்னொரு செடியின் பூவைத் தூக்கிப் பிடித்தால் நடுவில் வெளிர்பச்சைத் தூண் ஒன்று தெரியும், அதன் நுனியில் சிறு குழி இருக்கும். கட்டியை அந்தக் குழிக்குள் வைத்து மெதுவாக அழுத்துங்கள். மேலே தடவினால் மட்டும் பலன் இல்லை. ஒரே தாயிலிருந்து பிரித்த கன்றுகள் எல்லாம் மரபில் ஒரே செடிதான், அதனால் வேறு இடத்திலிருந்து வந்த செடியின் மகரந்தமாக இருந்தால் காய் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். பத்துப் பதினைந்து பூக்களுக்குச் செய்யுங்கள், சில கொட்டும், சில நிற்கும். காய் பிடித்தால் அந்தத் தண்டை வெட்டாமல் முற்ற விடுங்கள். உள்ளே தட்டையான கறுப்பு விதைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றை மணல் கலந்த மண்ணில் அரை அங்குல ஆழத்தில் விதைக்கலாம். அந்த நாற்று பூக்கப் பல வருடம் ஆகும் என்பதால், வீட்டுக்குப் பூ வேண்டுமென்று கேட்பவர்களுக்கு விதையைக் கொடுக்காமல், தாயடியில் நன்கு வேர்விட்ட ஒரு கன்றைப் பிரித்துக் கொடுங்கள்.